யாரோடு வாசிக்கிறீர்கள்?

பி.காம். பாடத்தில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு அந்த வகுப்பை வைத்தால் கடைசி பெஞ்ச் மொத்தமும் தூங்கிவிடும். அப்படித் தூங்கி எழுந்தவர்களுக்கும் மறக்காத ஒரு விதி அதில் இருக்கிறது. கணக்கை எழுதியவரே அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது.

ஏன்? எழுதியவர் திருடர் என்பதாலா? இல்லை. அவர் பரம யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் 96-ஐ 69 என்று எழுதிய கண், மறுபடி பார்க்கும்போதும் அதை 96 என்றேதான் வாசிக்கும். நம் தப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் இன்னொரு ஜோடிக் கண்.

இந்த விதியைக் கொஞ்சம் வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். கிறிஸ்தவ வீடுகளில் அதிகாலையில் எழுந்து பைபிள் வாசிக்கிற பழக்கம் உண்டு. ஊர் அடங்கியிருக்கும் நேரம். ஒரு அதிகாரம் வாசித்து, பென்சிலால் ஒரு வசனத்துக்குக் கோடு போட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, அப்புறம்தான் காபி. அருமையான பழக்கம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அது போதுமா? எனக்கும் கடவுளுக்கும் நடுவே நூல் இருக்கிறது, நான் வாசிக்கிறேன், எனக்குப் புரிகிறது, இதில் மூன்றாவது ஆள் எதற்கு?

'ஏன் சார், நாங்க பகிர்ந்துக்கத்தானே செய்யறோம்? காலையில ஆறு மணிக்கே வாட்ஸ்அப்ல வசனம் அனுப்பிடறேனே!' என்பீர்கள். உண்மைதான். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். வேனின் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டுகிறோம். காலண்டரில் தேதிக்கு ஒன்று கிழிக்கிறோம். இதெல்லாம் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் கவனித்திருக்கிறீர்களா? இப்படி ஊர் சுற்றுகிற வசனங்கள் பெரும்பாலும் ஆசீர்வாத வசனங்கள். கூலியாளின் கூலியை நிறுத்தி வைக்காதே என்று சொல்லும் வசனத்தை ரோஜாப்பூ படத்தோடு யாரும் அனுப்புவதில்லை.

அனுப்புவது வேறு, பகிர்வது வேறு. அனுப்பினால் பதில் வராது. வந்தாலும் கூப்பிய கைகள் படம் ஒன்று வரும். அவ்வளவுதான்.

பகிர்வது என்றால் என்ன என்பதற்கு பைபிளிலேயே ஒரு காட்சி இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷம் முழுவதுக்கும் பொறுப்பாளர் ஒருவர், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் ரதத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார். நம் பாஷையில் நிதியமைச்சர். ஊருக்கே கணக்குப் பார்க்கிறவர். மடியில் ஏசாயா தீர்க்கதரிசியின் சுருள். வாய்விட்டு வாசிக்கிறார். பிலிப்பு என்கிற சீடர் ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது வழிகாட்டாமல் எனக்கு எப்படிப் புரியும் என்கிறார். ஏறி உட்காரச் சொல்கிறார்.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, புரியவில்லை என்று சொல்ல அந்த மந்திரி வெட்கப்படவில்லை. இரண்டு, பிலிப்பு தானாக ரதத்தில் தொற்றிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை. முதலில் கேட்கிறார். கூப்பிட்ட பிறகுதான் ஏறுகிறார். பிரசங்கமும் மந்திரி நிறுத்திய இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அதே நூலில் பதினேழாம் அதிகாரத்துக்கு வாருங்கள். பவுல் பெரோயா பட்டணத்துக்குப் போய்ப் பேசுகிறார். அந்த ஊர்க்காரர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பவுலையே! இதற்காக அவர்களை யாரும் திட்டவில்லை. மற்ற ஊர்க்காரர்களைவிட நல்ல குணமுள்ளவர்கள் என்று அந்த நூல் அவர்களைப் பாராட்டுகிறது. நான் சொன்ன ஆடிட்டிங் இதுதான்.

தணிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும்? சாத்தானுக்கும் வசனம் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்தபோது அவன் சங்கீதத்திலிருந்துதான் எடுத்துப் பேசினான். பொய் வசனம் அல்ல, அசல் வசனம். ஆனால் கத்தரித்து எடுத்த வசனம். இயேசு அதற்கு இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார்.

கத்தரிப்பது என்று நான் சொன்னது ஏதோ பேச்சு வழக்குக்காக அல்ல. நிஜமாகவே கத்தரித்திருக்கிறார்கள். 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தது. புராட்டஸ்டன்ட் பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இந்தப் பதிப்பில் இருந்தது 232. எதை எடுத்தார்கள்? எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களை மோசே விடுதலை செய்து அழைத்துப் போகிற கதையை எடுத்தார்கள். கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை எடுத்தார்கள். எதை விட்டுவைத்தார்கள்? வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதிய வரியை. அந்தப் பதிப்பின் பிரதி ஒன்று அமெரிக்காவில் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்த 232 அதிகாரங்களில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் பைபிளில் உள்ளதுதான். கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிற மாதிரி!

இந்தக் கத்தரிக்கோலின் காயம் எத்தனை வருஷம் ஆறாமல் இருக்கும் என்பதற்கு ஒரு பாட்டியின் கதை இருக்கிறது. ஹோவர்ட் தர்மன் என்று அமெரிக்கக் கறுப்பின போதகர் ஒருவர். 1899-ல் பிறந்தவர். ஃப்ளோரிடாவில் அவரை வளர்த்தது அவருடைய பாட்டி நான்சி ஆம்ப்ரோஸ். அந்தப் பாட்டி இளம் வயதில் அடிமையாக இருந்தவர். படிக்கத் தெரியாது. பேரன்தான் அவருக்கு பைபிள் வாசித்துக் காட்டுவான். சங்கீதம் வாசிக்கச் சொல்வார். ஏசாயா, சுவிசேஷங்கள் எல்லாம் வாசிக்கச் சொல்வார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். அபூர்வமாக, அன்பைப் பற்றி கொரிந்தியருக்கு எழுதிய அந்த ஒரு அதிகாரத்துக்கு மட்டும் அனுமதி.

சின்னப் பையனுக்கு ஏனென்று கேட்கத் தைரியம் இல்லை. கல்லூரிக்குப் போய் வளர்ந்த பிறகுதான் கேட்டார். பாட்டி சொன்னார். எஜமான் தன்னுடைய வெள்ளைக்காரப் போதகரை அவ்வப்போது அழைத்து வந்து அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்ய வைப்பாராம். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது எடுப்பது பவுல் எழுதிய அதே வரிதானாம், அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்று. விடுதலை வந்து, எனக்கு வாசிக்கவும் தெரிந்தால், இந்தப் பகுதியை மட்டும் வாசிக்க மாட்டேன் என்று பாட்டி அன்றைக்கே கடவுளிடம் சொல்லிவிட்டாராம்.

'அப்போ பாட்டியும் கத்தரிச்சவங்கதானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆமாம், அவரும் ஒரு பகுதியை ஒதுக்கினார். ஆனால் எஜமான் கத்தரித்தது இன்னொருவரை அடக்கி வைக்க. பாட்டி ஒதுக்கியது தன் முதுகில் விழுந்த அடியை மறுபடி வாங்காமல் இருக்க. அதைவிட முக்கியம், பேரன் கேட்டபோது அவர் காரணத்தைச் சொன்னார். பவுலின் அந்த வரியை தர்மன் அதற்கு முன் நூறு தடவை வாசித்திருக்கலாம். ஆனால் அந்த வரி ஒரு மனுஷியை என்ன செய்தது என்பது எந்த விளக்கவுரையிலும் இருந்திருக்காது. படிக்கத் தெரியாத ஒருவர்தான் படித்தவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்.

பிற்பாடு தர்மன் நம் பக்கமும் வந்தார். 1935-ல் இலங்கை, பர்மா, இந்தியாவுக்கு நல்லெண்ணப் பயணம். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் அங்கிருந்த ஒருவர் சுருக்கென்று கேட்டார். உங்கள் முன்னோர்களை அடிமைகளாகப் பிடித்துப் போனவர்கள் கிறிஸ்தவர்கள்தானே, அதே மதத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்? 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். அங்கேயும் தீண்டாமை, அடிமைத்தனம் என்று பேச்சு ஓடியது. கொழும்புக் கேள்வி அவரை விடவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கு இயேசு என்ன சொல்கிறார் என்று கேட்டு 1949-ல் ஒரு புத்தகமே எழுதினார். பாட்டியின் கதையை அதில்தான் பதிவு செய்தார்.

சரி, இப்போது ஓர் ஆட்சேபம். 'சேர்ந்து வாசிச்சா தப்பு வராதுங்கிறீங்களா? அந்த எஜமான்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ந்துதானே வாசிச்சாங்க?'

சரியான அடி. அவர்கள் தனியாக வாசிக்கவில்லைதான். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, பாட்டுப் பாடி, வாசித்தார்கள். ஆனால் அந்த பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? தோட்ட முதலாளி, பக்கத்துத் தோட்ட முதலாளி, அவருக்குக் கடன் கொடுத்த வியாபாரி. ஒரே மாதிரி சட்டைப்பை உள்ளவர்கள். பத்துப் பேர் சேர்ந்து வாசித்தாலும் கண் ஒரு ஜோடிதான். பங்காளிகளே ஒருவர் கணக்கை ஒருவர் தணிக்கை செய்து கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் ஆடிட் இல்லை.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் புதிய ஏற்பாடு அச்சானது தமிழில்தான். தரங்கம்பாடியில், 1715-ல். சீகன்பால்கு மொழிபெயர்த்தது. முந்நூறு வருஷத்துக்கும் மேலாக நம் கையில் இருக்கிற நூல். அது அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், சபைகளில் சாதிக்கு ஒரு பக்கம் உட்காருகிற வழக்கம் இருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே விலகிப் போனார்கள். அவர்கள் பைபிள் வாசிக்காதவர்களா? தினம் வாசித்தவர்கள், குடும்ப ஜெபம் தவறாதவர்கள். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குத் தனி இடம் இருக்கிறதே, அந்த ஊர்களில் மட்டும் பைபிள் விற்பனையாவது இல்லையா என்ன?

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும். தனியாக வாசிக்கிறோமா, சேர்ந்து வாசிக்கிறோமா என்பது பாதிக் கேள்விதான். யாரோடு வாசிக்கிறோம் என்பதுதான் மீதி. இந்த வசனத்தால் வலி படக் கூடியவர், இந்த வசனத்தால் நிம்மதி அடையக் கூடியவர் இந்த அறையில் இருக்கிறாரா?

இதற்கு வழி கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனம். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த ஹிர்மர், லோபிங்கர் என்ற இரண்டு பாதிரியார்கள் அங்கே வேலை செய்தார்கள். பாதிரியார் எட்டிப் பார்க்க முடியாத சின்னச் சின்னக் குழுக்கள் தாங்களே நற்செய்தியை வாசித்துப் பகிர ஏழு படிகள் கொண்ட ஒரு முறை அங்கே உருவானது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் தங்கிய சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனமாக இருப்பது, மனதில் பட்டதைப் பகிர்வது, நாம் செய்ய வேண்டிய காரியம் என்ன என்று பேசுவது, ஜெபிப்பது.

இதில் ஐந்தாவது படிக்கு ஒரு கண்டிஷன் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தவோ, விவாதிக்கவோ, அதன் மேல் ஏறிப் பிரசங்கம் செய்யவோ கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறாவது படியில், நாம் செய்ய வேண்டியது என்ன என்று வரும்போதுதான் விவாதம். முதலில் கேள், பிறகு பேசு. சின்ன விதிதான். நம் ஊர்க் கூட்டங்களில் மைக் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விதி என்று தெரியும்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் தெருவுக்கு ஒன்றாக அன்பியம் என்று குழுக்கள் உண்டு. பல அன்பியங்களில் இந்த முறையில்தான் வாசிக்கிறார்கள். ஒரு நண்பர் தன் தெரு அன்பியத்தில் நடந்ததைச் சொன்னார். அன்றைக்குப் பகுதி, திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோட்டக்காரர் அதிகாலையில் சிலரை வேலைக்கு எடுக்கிறார். ஒன்பது மணிக்குச் சிலரை, பன்னிரண்டுக்குச் சிலரை, மூன்றுக்குச் சிலரை. கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிலரை. கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே கூலி. அதிகாலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

குழுவில் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். 'எனக்கு இது எப்பவுமே இடிக்கும். நாள் பூரா வெயில்ல நின்னவனுக்கும் ஒரு மணி நேரம் நின்னவனுக்கும் ஒரே சம்பளமா? எங்க யூனியன் சும்மா விட்டிருக்காது' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் அமைதி. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிற ஒரு அம்மா மெதுவாகச் சொன்னாராம்:

'அஞ்சு மணிக்கு வந்தவங்க சோம்பேறிங்க இல்லீங்க. காலையிலேர்ந்து முக்குல நின்னவங்க. யாரும் கூப்பிடலை. நாங்களும் நின்னிருக்கோம். வேலை கெடைச்சவனுக்கு உடம்பு மட்டும்தான் வலிக்கும். இன்னிக்கு அடுப்பு எரியும்னு காலையிலேயே அவனுக்குத் தெரிஞ்சுடும். நிக்கிறவனுக்கு அது சாயங்காலம் வரைக்கும் தெரியாது. அந்தத் தோட்டக்காரருக்கு அது தெரிஞ்சிருக்கு.'

பேங்க் ஆபீசர் ஒன்றும் பேசவில்லையாம். விதிப்படி பேசவும் கூடாது. கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், 'உங்க சைட்ல இப்போ எத்தனை நாள் வேலைம்மா கெடைக்குது?' என்று கேட்டிருக்கிறார். ஒரே தெருவில் பல வருஷமாகக் குடியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்றார் நண்பர்.

ஆபீசர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. சம உழைப்புக்குச் சம ஊதியம் என்பது நியாயமான பேச்சு. உவமையிலேயே அந்த முணுமுணுப்புக்கு இடம் கொடுத்திருக்கிறதே! ஆனால் அவர் தனியாக எத்தனை முறை வாசித்தாலும், காலையில் வேலைக்குப் போனவனின் இடத்தில் நின்றுதான் வாசித்திருப்பார். முக்கில் நின்றவளின் இடம் அவருக்குக் கிடைத்தது அவள் வாயைத் திறந்ததால். இதற்கு கிரேக்கமும் எபிரேயமும் வேண்டியிருக்கவில்லை. படித்தவர்களின் விளக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பிலிப்பு ஏறாமல் அந்த ரதம் வெறுமனே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது மட்டுமே பகிர்வு என்று நினைத்துவிட்டோம். படிக்கத் தெரியாத பாட்டியும் சித்தாள் அம்மாவும் சொல்ல வேண்டியதும் பகிர்வுதான்.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஒரு அர்த்தம் சொல்லி, கடைசியில் நூல் என்ன சொல்கிறது என்பதே காணாமல் போகலாம். அதற்குத்தான் பெரோயாக்காரர்கள். கேட்டதை மறுபடி நூலில் போய்ப் பாருங்கள். முழு அதிகாரத்தையும் பாருங்கள். கத்தரிக்காத பைபிள் ஒரு பக்கம், கத்தரிக்காத மனிதர்கள் ஒரு பக்கம். இரண்டும் இருந்தால் கணக்கு பெரும்பாலும் டேலி ஆகிவிடும்.

அதிகாலை வாசிப்பை விட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். ஆனால் வாரத்தில் ஒரு நாள், வழக்கமாக உங்களோடு வாசிக்காத ஒருவரோடு வாசித்துப் பாருங்கள். மகன் வேலைக்காரர்களைப் பற்றி வாசிக்கும்போது மருமகளையும் உட்கார வையுங்கள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி வந்தால், அதற்கு முந்தின வரியில் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருப்பதையும் சேர்த்து வாசித்துவிட்டு, மனைவியிடம் 'உனக்கு என்ன தோணுது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அதுதான் கஷ்டம்.

தொழில் செய்கிற வாசகர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. யாக்கோபு எழுதிய நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களைப் பற்றியது. தனியாக வாசித்தால் யாரோ ஒரு பணக்காரனைப் பற்றியது போலத்தான் இருக்கும். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், இந்த மாசச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.